பெரணித் தூளும் பெற்றோர் விவரமும்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு "உங்க சப்ஜெக்ட்லேயே ஏதாவது எழுதுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி இருக்கணும்" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக் கொண்டார்கள். என் சப்ஜெக்ட் பெரணி. பூக்காத, காய்க்காத, விதையே இல்லாத செடி. இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பெரணி நமக்கு அந்நியம் இல்லை. ஊரில் வயல் வரப்பில் பறித்துக் கடைந்து சாப்பிட்ட ஆரைக்கீரை ஒரு பெரணிதான். கொல்லிமலைக்குப் போனவர்கள் வாங்கி வந்து சூப் வைக்கிறார்களே, முடவாட்டுக்கால், அதுவும் ஒரு பெரணியின் தண்டுக் கிழங்கு. இங்கே சண்டிகரிலிருந்து சிம்லா பக்கம் போகிறவர்கள் காய்கறிக் கடைகளில் வயலின் தலைபோலச் சுருண்ட பச்சைத் தளிர்களைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'லிங்கட்' என்று மலைவாசிகள் ஆசையாகச் சமைக்கும் அதுவும் பெரணிதான்.

வீட்டில் தொட்டியில் பெரணி வளர்ப்பவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாமா, இலைக்குப் பின்னாடி பழுப்புப் புள்ளி புள்ளியா வந்திருக்கு, ஏதோ பூச்சி விழுந்திடுச்சு போல, மருந்து அடிக்கணுமா?" தயவுசெய்து அடிக்காதீர்கள். அது பூச்சி அல்ல, செடியின் வம்சம். அந்தப் பழுப்புப் புள்ளியில் இருக்கும் தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சில சமயம் அந்தச் செடியின் அப்பா ஒரு இனம், அம்மா வேறொரு இனம் என்பதுகூடத் தெரிந்துவிடும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இது வெறும் புத்தகப் படிப்பு அல்ல. குட்டநாட்டு நெல் வயல்களின் கதையும் இதில் வருகிறது.

நெல்லும் பதரும்

இலையின் பின்புறத்துப் புள்ளி ஒவ்வொன்றும் பல சிறு பைகளின் கொத்து. ஒவ்வொரு பைக்குள்ளும் தூள். தூளின் ஒரு மணியை ஸ்போர் என்கிறோம். சிதல் என்றும் வித்து என்றும் தமிழில் சொல்வதுண்டு. வித்து என்றால் விதையோடு குழப்பிக்கொள்வார்கள் என்பதால் நான் பாடநூல் வழக்கப்படி ஸ்போர் என்றே எழுதுகிறேன். விதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விதைக்குள் ஒரு குட்டிச் செடியும் அதற்குக் கட்டுச்சோறும் இருக்கும். ஸ்போர் வெறும் ஒற்றைச் செல். பெரும்பாலான பெரணிகளில் அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபது முப்பதை வரிசையாக அடுக்கிவிடலாம் என்கிற அளவுதான்.

பையைச் சுற்றி முதுகெலும்பு மாதிரி தடித்த செல்களால் ஆன ஒரு வளையம் இருக்கிறது. வெயில் பட்டு அதிலுள்ள நீர் வற்ற வற்ற வளையம் பின்னோக்கி வளைந்து, பையைக் கிழித்துத் திறக்கும். ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீர் இழுவிசை தாங்காமல் 'டப்'பென்று குமிழியாக உடைய, வளையம் கவண்போலத் திரும்பி அடித்து ஸ்போர்களை வீசி எறியும். முற்றின பைகள் உள்ள இலையை மேசை விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்த வேடிக்கையை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு பைக்குள் எத்தனை ஸ்போர்? பெரும்பாலான பெரணிகளில் கணக்கு 64. பதினாறு தாய்ச் செல்கள், ஒவ்வொன்றும் நான்காகப் பிரிகிறது. இந்த 64 என்கிற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வடிவத்தில் இரண்டு பெரிய வகை. ஒன்று அவரை விதை மாதிரி, ஒற்றைத் தழும்புக் கோட்டோடு. இன்னொன்று மூன்று கோடுகள் கூடும் முக்கோண உருண்டை. மேலுறையில் முள், மடிப்பு, சுருக்கம், வலைப்பின்னல் என்று இனத்துக்கு இனம் வேலைப்பாடு மாறும். 1960-களுக்குப் பிறகு ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் இந்த வேலைப்பாடுகளின் படங்களைப் பார்த்து ஆராய்ச்சியாளர்களே மயங்கிப் போனார்கள்.

நல்ல ஸ்போர்களை நுண்ணோக்கியில் பார்த்தால் சலித்தெடுத்த கேழ்வரகு மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், உள்ளே சத்து நிறைந்து புடைத்து நிற்கும். சில செடிகளில் அப்படி இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று பொடிசு, ஒன்று சப்பையாக நசுங்கியது, ஒன்று வெறும் கூடு, நாலைந்து ஒட்டிக்கொண்டு கருப்புக் கட்டி. நம் ஊர் விவசாயி பார்த்தால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: "பதர்." அந்தப் பதர்தான் இங்கே சாட்சி.

ஜோடி சேராத கோலாட்டம்

ஏன் பதராகிறது? அதற்குப் பெரணியின் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்போர் ஈரமண்ணில் விழுந்தால் நேரே பெரணியாக முளைக்காது. முதலில் சுண்டுவிரல் நகம் அளவில், இதய வடிவில், தரையோடு ஒட்டிய ஒரு பச்சைச் செதிலாக வளரும். புரோதாலஸ் என்று பெயர். ஆண் செல்லும் பெண் செல்லும் உண்டாவது இந்தச் செதிலில்தான். மழையோ பனியோ விட்டுச்சென்ற நீர்ப்படலத்தில் ஆண் செல் நீந்திப் போய்ப் பெண் செல்லோடு சேர, அதிலிருந்து நாம் பார்க்கும் பெரிய பெரணி கிளம்புகிறது.

பூக்கும் செடியில் எந்தப் பூவுக்கு எந்த வண்டு என்று ஒரு ஒழுங்கு உண்டு. இங்கே வண்டும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஒரே பாறை இடுக்கில் இரண்டு இனத்துச் செதில்கள் அக்கம்பக்கத்தில் முளைத்து, அன்றைக்கு நல்ல மழையும் பெய்துவிட்டால் கலப்புத் திருமணம் நடந்துவிடும். பெரணிகளில் கலப்பினங்கள் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கலப்பினச் செடி ஆரோக்கியமாகவே வளரும். சிக்கல் அடுத்த தலைமுறைக்குத் தூள் தயாரிக்கும்போதுதான் வரும். உதாரணமாக ஆஸ்பிளீனியம் என்ற பெரணிச் சாதியை எடுத்துக்கொள்வோம். நர்சரிகளில் விற்கிறார்களே, பறவைக்கூட்டுப் பெரணி, அந்தச் சாதிதான். இதில் அடிப்படைக் குரோமோசோம் எண் 36. சாதாரணச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் தாய் தந்த 36, தந்தை தந்த 36, ஆக 72. ஸ்போர் உண்டாகும் நேரத்தில் இவை கோலாட்டத்துக்கு நிற்பதுபோல ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் சரிபாதியாகப் பிரிய முடியும். கலப்பினத்திலும் எண்ணிக்கை 72தான். ஆனால் தாய்வழி 36-க்கும் தந்தைவழி 36-க்கும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது. ஜோடி இல்லாமல் 72-ம் தனித்தனியே நிற்கும். பிறகு பிரிகிற நேரத்தில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 42 என்று கண்டபடி போய்ச் சேரும். அரைகுறை பாகத்தோடு பிறந்த ஸ்போர் எப்படிப் பிழைக்கும்? பதராகிறது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதைக்குக் குட்டி இல்லாததும் இதே மாதிரிக் கதைதான்.

ஒரு அமெரிக்க வழக்கு

இந்தப் பதர்ச் சாட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று இருக்கிறது. 1860-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா அருகே ஷூய்ல்கில் ஆற்றங்கரையில் ராபின்சன் ஸ்காட் என்பவர் ஒரு விநோதமான பெரணியைக் கண்டார். அதற்கு ஆஸ்பிளீனியம் எபினாய்டிஸ் என்று பெயராயிற்று. அந்தப் பக்கத்தில் இரண்டு பெரணிகள் சகஜம். ஒன்று கருத்துப் பளபளக்கும் காம்பும் இறகு போன்ற இலையும் கொண்ட பிளாட்டினியூரான். மற்றொன்று ரைசோஃபில்லம். இதன் இலை பிளவே இல்லாமல் நீண்டு வால்போலக் குறுகி, நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகும். அப்படியே எட்டு வைத்து நடப்பதால் 'நடக்கும் பெரணி' என்று அங்கே செல்லப் பெயர். ஸ்காட்டின் செடி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கீழ்ப்பாதி ஒழுங்கில்லாத இறகு, மேல்பாதி நீண்ட வால். 1866-லேயே பெர்க்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் இது அந்த இரண்டுக்கும் பிறந்த கலப்பினமாக இருக்கலாம் என்றார்.

பார்த்தால் அப்படித் தெரிகிறது என்பதெல்லாம் நிரூபணம் ஆகாது அல்லவா? முகஜாடையை வைத்துச் சொந்தம் கொண்டாட முடியுமா? 1902-ல் மார்கரெட் ஸ்லாஸன் என்ற பெண்மணி நேரடியாகச் செய்தே காட்டினார். இரண்டு இனத்து ஸ்போர்களையும் முளைக்க வைத்து, செதில்களை அருகருகே சேர்த்து வளர்த்து, தோட்டத்திலேயே எபினாய்டிஸை உண்டாக்கிவிட்டார். பெரணி ஆராய்ச்சியில் இதை ஒரு மைல்கல் என்றே நான் சொல்வேன்.

வழக்கு அதோடு முடியவில்லை. எபினாய்டிஸ் எங்கு கிடைத்தாலும் ஒன்றிரண்டாகத்தான் கிடைக்கும், தூள் எல்லாம் பதர். ஆனால் அலபாமா மாநிலத்தில் ஹவானா கிளென் என்ற ஒரு சிறு பள்ளத்தாக்கில் மட்டும் அது கூட்டமாக, வம்சம் பெருகி வாழ்ந்துகொண்டிருந்தது. 1873-ல் அதை அங்கே கண்டுபிடித்தவர் ஜூலியா டட்வைலர் என்ற கல்வியாளர். அங்குள்ள செடிகளின் ஸ்போரைப் பார்த்தால் பதரே இல்லை, எல்லாம் திரட்சியான நல்ல மணிகள். பெற்றோர் அதே இரண்டு பேர், முகமும் ஏறக்குறைய அதே முகம். ஒரு ஊரில் மலடு, இன்னொரு ஊரில் குடும்பஸ்தன். இது எப்படி?

விடை குரோமோசோம் எண்ணிக்கையில் இருந்தது. ஹவானா செடிகளில் 144. அதாவது அந்த 72-ம் முழுதாக இரட்டித்துவிட்டன. இரட்டித்தபின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன்னைப் போலவே இன்னொன்று துணைக்குக் கிடைத்துவிடுகிறது. கோலாட்டத்துக்கு ஜோடி வந்தாயிற்று. 72 ஜோடிகள், ஒழுங்கான பிரிவு, நல்ல ஸ்போர். இந்த இரட்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் 1957-ல் வாக்னரும் விட்மையரும் காட்டினார்கள். மலட்டு எபினாய்டிஸின் பதர்க் குவியலுக்குள் அபூர்வமாகச் சில பெரிய உருண்டை ஸ்போர்கள் இருக்கும். பிரிய மறுத்து 72-ஐயும் அப்படியே சுமந்து நிற்பவை அவை. அப்படிப்பட்ட மலட்டுச் செடியின் தூளை விதைத்து, 144 குரோமோசோம் கொண்ட, வம்சவிருத்தியுள்ள செடியை அவர்கள் எழுப்பிவிட்டார்கள். நாம் 'பதர்' என்று ஊதித் தள்ளியிருப்போம், அதற்குள் ஒரு புதிய இனம் ஒளிந்திருந்தது! 2007-ல் ஹவானா செடிக்குத் தனி இனப் பெயரே கொடுத்தார்கள்: ஆஸ்பிளீனியம் டட்வைலரே. கண்டுபிடித்து 134 ஆண்டுகள் கழித்து அந்த அம்மையாருக்குக் கிடைத்த மரியாதை.

வாரன் வாக்னர் இதை ஒரு செடியோடு விடவில்லை. அப்பலாச்சியன் மலைத்தொடரில் மான்டானம் என்று மூன்றாவது இனமும் உண்டு. 1954-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மூன்று அடிப்படை இனங்களை முக்கோணத்தின் மூன்று முனைகளில் வைத்து, அவற்றுக்கிடையே பிறந்த கலப்பினங்களையும், அந்தக் கலப்பினங்கள் பெற்றோரோடு மறுபடி கலந்து பிறந்தவற்றையும் கோடு போட்டு இணைத்தார். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் போடும் வம்சாவளி மரம் கிளைவிட்டுப் பிரிந்துகொண்டே போகும். வாக்னரின் படம் கிளைகள் மறுபடி ஒன்றோடொன்று சேரும் மீன்வலை. பரிணாமம் என்றால் மரம் மட்டும்தான் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

அந்த வலையை அவர் எப்படி உறுதி செய்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ரசிக்கும் இடம். மான்டானமும் ரைசோஃபில்லமும் சேர்ந்து பிறந்து இரட்டித்த பின்னாட்டிஃபிடம் என்ற இனம் மறுபடி மான்டானத்தோடு கலந்தால் வரும் பிள்ளைக்கு 108 குரோமோசோம். அதன் தூள் பதர். தாய்ச் செல்லுக்குள் பார்த்தால் 36 ஜோடிகளும், ஜோடியில்லாத 36 தனிகளும் நிற்கின்றன. ஜோடி சேர்ந்தது மான்டானத்தின் பங்கு. தனித்து நிற்பது ரைசோஃபில்லத்தின் பங்கு. யார் யாருக்கு உறவு என்பதைக் குரோமோசோம்களே நின்று காட்டிவிடுகின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து, 1985-ல், வெர்த் குழுவினர் நொதிகளைப் பிரித்துப் பார்க்கும் முறையில் சோதித்தபோதும் வாக்னரின் வலை அப்படியே நின்றது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது

இதெல்லாம் படித்துவிட்டுப் பதர் கண்ட செடியெல்லாம் கலப்பினம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முற்றாத இலையைப் பறித்தால் ஸ்போர் சப்பையாகத்தான் இருக்கும். வறட்சி, கடுங்குளிர், பூச்சி எல்லாமே பதரை உண்டாக்கும். ஒரே செடியின் ஒரே இலையைப் பார்த்துவிட்டுப் 'புதிய கலப்பினம் கண்டுபிடிப்பு' என்று அறிவிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பல இலைகள், பல செடிகள், பக்கத்தில் வளரும் சந்தேகத்துக்குரிய பெற்றோர்கள், எல்லாவற்றின் தூளையும் ஒப்பிட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் பொறி உண்டு. தூள் நன்றாக இருக்கிறது, ஆகவே கலப்பினம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹவானா செடியே அதற்குச் சாட்சி. இன்னும் சில பெரணிகள் வேறு தந்திரம் செய்கின்றன. டெரிஸ் கிரெட்டிகா என்று தொட்டிகளில் வளர்க்கும் அழகுப் பெரணியைப் பாருங்கள். அதில் ஆண் பெண் சேர்க்கையே இல்லாமல் செதிலிலிருந்து நேரே செடி கிளம்பும். இத்தகைய செடிகள் ஸ்போர் தயாரிக்கும்போது ஒரு கட்டத்தில் செல்கள் பிரியாமல் நின்று, பதினாறுக்குப் பதில் எட்டுத் தாய்ச் செல்களோடு வேலையை முடிக்கும். பையை உடைத்து எண்ணினால் 32. மேலே 64 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, மணிகள் பெரிதாகவும் நன்றாகவும் இருந்தால், 'இங்கே வேறு ஏதோ நடக்கிறது' என்று நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குரோமோசோம் இரட்டித்தால் ஸ்போரும் இரண்டு மடங்கு ஆகுமே, பார்த்தவுடன் தெரிந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இரட்டிப்பது ஏறக்குறைய கன அளவு. கன அளவு இரட்டித்தால் நீளம் சுமார் 1.26 மடங்குதான் ஆகும். 36 மைக்ரான் இருந்தது 45 ஆகலாம், அவ்வளவே. ஒரே செடிக்குள்ளேயே நாலைந்து மைக்ரான் ஏற்ற இறக்கம் சகஜம். ஆகவே பத்து மணியை அளந்து சராசரி போட்டால் போதாது. நிறைய அளக்க வேண்டும். குரோமோசோம் எண்ணிக்கை தெரிந்த செடியின் தூளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் ஸ்போருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது கெட்டுப்போவதில்லை. குரோமோசோம் எண்ண வேண்டுமானால் உயிருள்ள இளம் பைகளைச் சரியான வேளையில் பறித்து ஊறவைக்க வேண்டும். ஸ்போரைப் பார்க்க நூறு வருடம் முன்பு காயவைத்து ஒட்டிய உலர்தாவர ஏடே போதும். 1860-களில் பெட்டோம் சென்னையிலிருந்து தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய படத்தொகுதியை வெளியிட்டார். அந்தக் காலத்து ஏடுகளில் ஒட்டியிருக்கும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்தால் இன்றைக்கும் நல்லதா பதரா என்று சொல்லலாம். 1986-ல் வாக்னர் தம் மனைவி, மற்றொரு சகாவோடு சேர்ந்து இந்த முறையை விளக்கித் தனிக் கட்டுரையே எழுதினார்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: புள்ளிகள் பழுப்பேறி, ஆனால் இன்னும் வெடிக்காத இலையைப் பறித்து, புள்ளிப் பக்கம் கீழாக வெள்ளைக் காகிதத்தில் வைத்து, மேலே இன்னொரு காகிதம் மூடி, ஃபேன் காற்று படாத இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். காகிதத்தில் இலையின் உருவமே தூளால் அச்சாகியிருக்கும். பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். ஒரு சொட்டு கிளிசரின் விட்டுப் பார்க்கலாம்.

ஸ்போர்களும் குரோமோசோம்களும் சேர்ந்து காட்டிய பாதையில் சில சமயம் ஆளே இல்லாத வீட்டுக்கு வந்து நிற்க வேண்டியதாகிறது. டிரையாப்டெரிஸ் என்ற சாதியில் கார்த்தூசியானா, கிரிஸ்டாட்டா என்று இரண்டு இரட்டித்த கலப்பினங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெற்றோர் யார் என்று தெரிகிறது. இன்னொரு பெற்றோர் இரண்டுக்கும் பொது. அந்த இனத்தை உலகில் எங்கும் யாரும் உயிரோடு பார்த்ததில்லை. செமிகிரிஸ்டாட்டா என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். 2012-ல் வந்த டி.என்.ஏ. ஆய்வும் அப்படி ஒரு காணாமற்போன மூதாதை இருந்ததையே காட்டியது. பேரன்களின் உடம்பில் மட்டும் வாழும் தாத்தா.

நம் பக்கத்தில்

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஐரீன் மான்டன். 1950-ல் வந்த அவர் நூல்தான் எங்கள் தலைமுறைக்குப் பாடம். 1954-ல் ஸ்லெட்ஜுடன் சேர்ந்து இலங்கைப் பெரணிகளின் குரோமோசோம் கணக்கை வெளியிட்டார். அதே 1954-ல் திருவனந்தபுரத்தில் ஆபிரகாமும் நைனானும் ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற சின்னஞ்சிறு பெரணியில் 1,260 குரோமோசோம்களை எண்ணி உலகத்தை வாய் பிளக்க வைத்தார்கள். மனிதனுக்கு 46 என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இங்கே சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.என். மெஹ்ராவும் அவர் மாணவர்களும் இமயமலைப் பெரணிகளை எண்ணினார்கள். தெற்கே பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளின் குரோமோசோம் ஆய்வை 1988-லும், முழுத் தாவரத் தொகுப்பை 1992-லும் நூலாகக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிக்காரன் என்கிற முறையில் அந்த இரண்டு நூல்களும் என் அலமாரியில் முன்வரிசையில் இருப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

கட்டுரைத் தொடக்கத்தில் குட்டநாடு என்று சொன்னேன். கேரளத்தில் உறவினர் உள்ளவர்களுக்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' தெரிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும் ஒரு பெரணி. சால்வினியா சாதி. பூர்வீகம் ஆப்பிரிக்காவே அல்ல, தென்னமெரிக்கா. 1939-ல் ஆய்வுக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்தது வெளியே பரவி வாய்க்காலையும் வயலையும் மூடியது. ஆப்பிரிக்காவில் 1958-ல் கரிபா அணை மூடப்பட்டுப் பெரிய ஏரி உருவானதும் சில ஆண்டுகளில் சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பைப் பச்சைக் கம்பளமாக மூடியது. கேரளத்தில் படகு போக முடியவில்லை, மீன் பிடிக்க முடியவில்லை, நெல் நடுவதற்குமுன் களையை வாரிக் கொட்டவே கூலி தீர்ந்துவிடும்.

எல்லோரும் அப்போது இதை சால்வினியா ஆரிக்குலேட்டா என்றே எழுதி வந்தார்கள். 1966-ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோயலும் கிரேவாலும் அதன் மலட்டுத்தன்மையை ஆராய்ந்தார்கள். சால்வினியாவில் அடிப்படை எண் 9. இந்தக் களையிலோ 45, அதாவது ஐந்து தொகுதி. ஒற்றைப்படை. ஐந்து பேர் கோலாட்டம் ஆடினால் ஒருவர் கட்டாயம் தனியாகத்தான் நிற்க வேண்டும். பிரிவு குளறுபடியாகி, தண்ணீருக்கடியில் தொங்கும் பைகளில் உருப்படியான ஸ்போர் உண்டாவதில்லை. கலப்பினப் பிறப்பே இதற்குக் காரணம் என்பது தாவரவியலாரின் கணிப்பு. 1972-ல் மிட்செல், இந்த ஸ்போர்ப் பைகளின் அமைப்பையும் மலட்டுத்தன்மையையும் கொண்டு, இது ஆரிக்குலேட்டா அல்ல, தனிச் செடி என்று பிரித்து சால்வினியா மொலெஸ்டா என்று பெயரிட்டார். மொலெஸ்டா என்றால் தொல்லை தருவது!

பெயர் மாறினால் களை குறைந்துவிடுமா என்று கேட்கலாம். இங்கே குறைந்தது. ஆரிக்குலேட்டா என்று நம்பிக்கொண்டிருந்தவரை, அதைத் தின்னும் பூச்சிகளை ஆரிக்குலேட்டா வளரும் டிரினிடாட், கயானா பக்கமே தேடினார்கள். அங்கிருந்து வந்த வெட்டுக்கிளியைக் கேரளத்திலும் விட்டுப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. தனிச் செடி என்று தெரிந்தபின் அதன் சொந்த ஊரைத் தேட ஆரம்பித்து, 1978-ல் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்று வாழ்ந்த, இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கூன்வண்டு கிடைத்தது. 1980-ல் ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுச் சொச்சத்தில் களைக் கம்பளம் மூழ்கிவிட்டது. வண்டும்கூட வேறொரு இனத்தின் பெயரில்தான் முதலில் உலவியது. 1985-ல்தான் அதுவும் தனி இனம் என்று தெரிந்து சிர்ட்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் பெற்றது.

மலடு என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்போர் வழி இனவிருத்தி இல்லை என்றால், கொழும்பிலும் கரிபாவிலும் குட்டநாட்டிலும் மிதப்பதெல்லாம் உடைந்த துண்டுகளிலிருந்து வளர்ந்தவை, ஏறக்குறைய ஒரே செடியின் நகல்கள். ஆஸ்திரேலியாவில் வேலை செய்த வண்டு இங்கேயும் வேலை செய்ததற்கு இது உதவியது என்றே நான் நினைக்கிறேன். 1980-களில் அந்த வண்டு இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் ஒரு அல்லிக் குளத்தை ஓராண்டுக்குள் சுத்தம் செய்த விவரம் 1987-ல் அச்சாகியது. கேரளத்தில் வாய்க்கால்களிலும் வயல்களிலும் விடப்பட்டு, சில ஆண்டுகளில் களை பெருமளவு அடங்கியது. முழுதாக ஒழியவில்லை. ஆலப்புழைப் பக்கம் இப்போதும் ஆங்காங்கே பாயல் தலைகாட்டும், பின்னாலேயே வண்டும் வந்து சேரும். அடுத்த முறை படகுத்துறையில் நிற்கும்போது ஒரு கொத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வேர் மாதிரித் தொங்குவது உண்மையில் உருமாறிய இலை. முற்றிய செடியானால் அதில் மணிமாலை போல ஸ்போர்ப் பைகள் கோத்திருக்கும். ஒன்றை நசுக்கிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் பதர்தான்.